பரேஹாவின் முகத்தை நகலெடுத்து உருவப்படம் பழகுதல்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எண்ணெய் வண்ணத்தில் உருவப்படம் பழக விரும்புகிறவர்களிடம், ஸ்பானிய ஓவியர் தியேகோ வெலாஸ்கெஸ் தம் பட்டறையில் உழைத்த ஹுவான் தே பரேஹாவை 1650-இல் ரோம் நகரில் தீட்டிய உருவப்படத்தை முதலில் நகலெடுத்துப் பாருங்கள் என்று நான் சொல்வது வழக்கம். அப்படிச் சொன்னதும் ஏறத்தாழ ஒரே ஐயங்கள், ஏறத்தாழ ஒரே வரிசையில் எழுகின்றன. அவற்றைக் கேட்டவர்களின் சொற்களிலேயே இங்கே தொகுத்திருக்கிறேன். பென்சிலில் ஓரளவு வரையத் தெரிந்த, ஆனால் எண்ணெய் வண்ணத்தில் இதுவரை முகம் தீட்டியிராத ஒருவரை மனத்தில் வைத்தே விடைகளை எழுதியுள்ளேன்.

ஒருவர் வரைந்ததை அப்படியே பார்த்து வரைவது காப்பி அடிப்பதுதானே? அதில் என்ன கற்றுக்கொள்ள முடியும்?

சொந்தப் படைப்பு என்று காட்டிக்கொண்டால் அது காப்பிதான். பயிற்சியாகச் செய்தால், ஐரோப்பிய ஓவியர்கள் பல நூற்றாண்டுகளாகப் பின்பற்றிய பாடமுறை அது. ஃபிளெமிஷ் ஓவியர் ரூபன்ஸ் 1628-இல் மாத்ரித் சென்றபோது ஏற்கெனவே பெரும்புகழ் பெற்றிருந்தார். ஆயினும் அங்கே அரச சேகரிப்பில் இருந்த இத்தாலிய ஓவியர் டிஷியனின் ஓவியங்களை அமர்ந்து நகலெடுத்தார். கோயா 1778-இல் வெலாஸ்கெஸின் ஓவியங்களைப் பார்த்துச் செப்புத்தகட்டு அச்சுகள் செய்தார். ஜான் சிங்கர் சார்ஜென்ட் 1879-இல் மாத்ரித்தின் பிராடோ அருங்காட்சியகத்தில் வெலாஸ்கெஸை நகலெடுத்தார். பாரிஸின் லூவ்ர் அருங்காட்சியகத்தில் இன்றும் அனுமதி பெற்று, கேன்வாஸைத் தாங்கும் சட்டத்துடன் நின்று நகலெடுக்கிறவர்களைக் காணலாம்.

எதிரே அமர்ந்திருக்கும் ஒருவரைத் தீட்டும்போது நமக்கு ஒரே நேரத்தில் இரண்டு வேலைகள் இருக்கின்றன. கண்ணுக்குத் தெரிவதில் எதை எடுப்பது, எதை விடுவது என்று முடிவு செய்வது ஒன்று. அந்த முடிவை வண்ணத்தால் நிறைவேற்றுவது மற்றொன்று. நகலெடுக்கும்போது முதல் வேலையை வெலாஸ்கெஸ் செய்து முடித்துவிட்டார். அவர் எடுத்த முடிவுகளை ஒவ்வொன்றாகக் கண்டுபிடிப்பதுதான் இந்தப் பயிற்சி. ஆகவே உங்கள் படம் மூலத்தைப் போல் இருக்கிறதா என்று கேட்பதற்கு முன், கன்னத்தில் இந்த இடத்தில் ஏன் சாம்பல், காதருகே ஏன் விளிம்பே இல்லை என்று கேட்டால் உங்களால் விடை சொல்ல முடிகிறதா என்று பாருங்கள்.

எல்லோரும் முத்துத்தோடு அணிந்த பெண்ணையோ ரவிவர்மாவையோதான் வரைகிறார்கள். நீங்கள் ஏன் அதிகம் பேர் அறியாத இந்தப் படத்தைச் சொல்கிறீர்கள்?

டச்சு ஓவியர் வெர்மீரின் அந்தப் பெண்ணின் முகத்தில் ஒளியிலிருந்து நிழலுக்குப் போகும் மாற்றம் மிக மென்மையானது. படிகள் எங்கே தொடங்கி எங்கே முடிகின்றன என்பது புதியவரின் கண்ணுக்குப் பிடிபடாது. மேலும், இன்று நாம் காணும் கருத்த பின்னணி அவர் தீட்டிய நிலையில் இல்லை. அங்கே பச்சைத் திரைச்சீலை ஒன்று இருந்ததும், காலப்போக்கில் அதன் நிறமிகள் மாறிவிட்டதும் 2018-இல் தொடங்கிய ஆய்வில் உறுதியாயின. ரவிவர்மாவிடம் கற்க ஏராளம் உண்டு. ஆனால் பட்டுச்சேலைக் கரையும் நகைகளும் புதியவரை இழுத்துக்கொண்டு போய்விடுகின்றன, முகம் பின்தங்கிவிடுகிறது.

பரேஹாவின் படத்தில் ஒரே ஒரு ஒளி, வெறுமையான சாம்பல் பின்னணி, சாம்பல் கலந்த பச்சை ஆடை, வெள்ளைக் கழுத்துப்பட்டை, அவற்றின் நடுவே பழுப்பு நிற முகம் ஒன்று. தூரிகைத் தடங்கள் மறைக்கப்படாமல் தெரிகின்றன. போப் பத்தாம் இன்னொசென்ட்டின் உருவப்படத்தைத் தொடங்கும் முன் கையைப் பழக்கிக்கொள்வதற்காக வெலாஸ்கெஸ் இதைத் தீட்டினார் என்று அவருடைய வாழ்க்கையை எழுதிய பலோமினோ 1724-இல் பதிவு செய்திருக்கிறார். அந்த வகையில் மூலமே ஒரு பயிற்சிப் படம். 1650 மார்ச் 19 அன்று ரோமின் பாந்தியனில் இதைக் காட்சிக்கு வைத்தபோது, மற்றவையெல்லாம் ஓவியம், இது ஒன்றே உண்மை என்று பார்த்த ஓவியர்கள் வியந்ததாகவும் அவர் எழுதுகிறார்.

எல்லாவற்றையும்விட எனக்கு முக்கியமாகப் படும் காரணம் வேறு. நம்மில் பெரும்பாலோர் பிறகு தீட்டப்போவது பழுப்பு நிற முகங்களைத்தான். இளஞ்சிவப்பு முகங்களை மட்டுமே நகலெடுத்துப் பழகியவர், தன் வீட்டுப் பெரியவரை எதிரே உட்காரவைத்ததும் திகைத்துப்போகிறார்.

படத்தை எங்கிருந்து எடுப்பது? இணையத்தில் தேடினால் ஒன்று பச்சையாக இருக்கிறது, இன்னொன்று சிவப்பாக இருக்கிறது.

மூலம் நியூயார்க்கின் மெட்ரோபாலிட்டன் கலை அருங்காட்சியகத்தில் இருக்கிறது. 1970-இல் லண்டனில் நடந்த ஏலத்தில் வாங்கப்பட்டு, 1971-இல் அதன் சேகரிப்பில் சேர்ந்தது. அந்த அருங்காட்சியகம் பதிப்புரிமை இல்லாத தன் படைப்புகளின் பெரிய அளவுப் படங்களை 2017 முதல் எவரும் கட்டணமின்றிப் பயன்படுத்தத் தந்திருக்கிறது. அதன் இணையதளத்தில் கிடைக்கும் படத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். வேறு படங்களுடன் ஒப்பிட்டுக் குழம்ப வேண்டாம். பழைய புத்தகங்களில் உள்ள அச்சுப்படங்களில் மஞ்சளேறிய வார்னிஷ் நீக்கப்படுவதற்கு முந்தைய நிலையும் இருக்கக்கூடும்.

திரையில் பார்த்து வரைவதா, அச்செடுத்துப் பார்த்து வரைவதா என்பதும் உடனே வரும் கேள்வி. இரண்டும் வேண்டும். ஏ3 அளவில், பளபளப்பில்லாத தாளில் ஓர் அச்சு எடுத்துக் கேன்வாசுக்குப் பக்கத்தில் மாட்டிக்கொள்ளுங்கள். நுணுக்கம் பார்க்க மட்டும் டேப்லெட்டையோ மடிக்கணினியையோ திறங்கள். திரையின் வெளிச்சத்தை ஒரே அளவில் நிறுத்தி, இரவு நேர மஞ்சள் ஒளி அமைப்பை அணைத்துவிடுங்கள்; இல்லையென்றால் மாலையில் கலந்த வண்ணம் காலையில் வேறாகத் தெரியும்.

மூலத்தின் அளவிலேயே வரைய வேண்டுமா? கை, மேலாடை எல்லாவற்றையும் வரைய வேண்டுமா?

மூலம் 81.3 செ.மீ. உயரமும் 69.9 செ.மீ. அகலமும் உள்ளது, தலை ஏறத்தாழ உயிரளவில் இருக்கிறது. முதல் முறைக்குத் தலையும் கழுத்துப்பட்டையும் போதும். 16-க்கு 20 அங்குலக் கேன்வாஸில் அவை தாராளமாக அடங்கும். தலையை மிகச் சிறிதாக்க வேண்டாம். உள்ளங்கை அளவு முகத்தில் கண்ணிமையின் தடிப்பைக் காட்ட இடம் இருக்காது, நீங்களும் சிறு தூரிகையைத் தேடத் தொடங்கிவிடுவீர்கள். கையையும் மேலாடையையும் இரண்டாவது நகலுக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

என்னென்ன வாங்க வேண்டும்? அக்ரிலிக்கில் செய்தால் ஆகாதா?

வண்ணங்கள் ஆறு போதும்: டைட்டானியம் வெள்ளை, எல்லோ ஓக்கர், பர்ன்ட் சியன்னா, பர்ன்ட் அம்பர், வெர்மிலியன் அல்லது அதற்கு ஈடான ஆரஞ்சுச் சாயல் சிவப்பு, ஐவரி பிளாக். வெலாஸ்கெஸின் ஓவியங்களை ஆராய்ந்தவர்கள் கண்டறிந்த நிறமிகளும் எண்ணிக்கையில் குறைவானவையே: ஈய வெள்ளை, மண் வகைகள், வெர்மிலியன், அரக்குச் சிவப்பு, எலும்புக் கருப்பு, ஓரளவு அசுரைட் நீலம். ஈய வெள்ளை நச்சுத்தன்மை உடையது. பயிற்சிக்கு அது தேவையில்லை. டைட்டானியம் வெள்ளை 20-ஆம் நூற்றாண்டில்தான் ஓவியர்களின் கைக்கு வந்தது; அது ஈய வெள்ளையைவிடக் குளிர்ச்சியானது, மற்ற வண்ணங்களை வெகுவாக வெளிறச் செய்வது. ஆகவே அதை எப்போதும் நீங்கள் நினைக்கும் அளவில் பாதி மட்டுமே எடுங்கள்.

பன்றிமயிர்த் தூரிகைகளில் தட்டையானவை இரண்டு மூன்று, மென்மையான செயற்கை மயிர்த் தூரிகை ஒன்று, வண்ணம் கலக்கும் கத்தி ஒன்று, ஆளிவிதை எண்ணெய், டர்பன்டைன் ஆகியவை போதும். உள்ளூர்க் கடைகளில் மாணவர்களுக்கென்று விற்கும் ட்யூப்களைக் கொண்டே தொடங்கலாம். வெள்ளையை மட்டும் சற்று உயர்ந்த தரத்தில் வாங்குங்கள், ஏனெனில் அதிகம் செலவாவது அதுதான்.

அக்ரிலிக்கில் செய்யலாம். ஆனால் அது சில நிமிடங்களில் காய்ந்துவிடும்; ஈரத்தோடு ஈரம் சேர்த்து விளிம்பை இளக்குவதுதான் இந்தப் படத்தின் முக்கியப் பாடம் என்பதால், அந்தப் பாடத்தை இழப்பீர்கள். சுவாசச் சிக்கலால் எண்ணெய் வண்ணம் ஒத்துக்கொள்ளாதவர்கள் அக்ரிலிக்கில் தாராளமாகச் செய்யலாம். மற்றவர்களுக்கு நான் அதைப் பரிந்துரைப்பதில்லை.

வெள்ளைக் கேன்வாஸிலேயே தொடங்கலாமா?

வேண்டாம். வெள்ளையின் மேல் எந்த வண்ணத்தை வைத்தாலும் அது இருக்க வேண்டியதைவிடக் கருப்பாகத் தெரியும். பயந்து வெள்ளையைச் சேர்த்துக்கொண்டே போவீர்கள். அம்பரையும் சிறிது கருப்பையும் டர்பன்டைனில் நீர்க்கக் கரைத்துத் துணியால் கேன்வாஸ் முழுதும் தேய்த்து, நடுத்தரமான சாம்பல்பழுப்பு நிறத்தில் காயவிடுங்கள்.

எனக்குக் கோடு சரியாக வராது. டிரேஸ் எடுத்துவிட்டு நேராக வண்ணத்துக்குப் போகலாமா?

உங்கள் நோக்கம் வண்ணம் கலக்கப் பழகுவது மட்டுமென்றால் டிரேஸ் எடுப்பதில் பிழையில்லை; அதை வெளிப்படையாகச் சொல்லிவிடுங்கள், அவ்வளவுதான். ஆனால் உருவப்படம் பழகுவது நோக்கமென்றால், டிரேஸ் எடுத்த கோடு முதல் மணி நேரத்திலேயே வண்ணத்தின் அடியில் மறைந்துவிடும். அதன்பின் மூக்கு நகர்ந்தால் அதைத் திரும்ப இடத்தில் வைக்க உங்களுக்குத் தெரியாது. வண்ணம் தீட்டுவது என்பது தொடக்கம் முதல் முடிவு வரை வரைந்துகொண்டே இருப்பதுதான்.

இடைவழி ஒன்று உண்டு. நெருக்கமான கட்டங்களுக்குப் பதிலாக நான்கே கோடுகள் போடுங்கள்: உச்சந்தலை, தாடியின் கீழ்நுனி, முகத்தின் இடப்புற எல்லை, வலப்புற எல்லை. மற்ற அளவுகளைத் தூரிகைக் காம்பால் ஒப்பிட்டு அளந்து குறியுங்கள். முதலில் கண், மூக்கு, வாய் என்று பெயர் சொல்லி வரையாமல், நிழல் முழுவதையும் ஒரே வடிவமாக எடுத்துக்கொண்டு அதன் புற எல்லையை நேர்கோடுகளால் கட்டுங்கள். அந்த நிழல் வடிவம் சரியாக அமைந்துவிட்டால், கண் வரையாமலேயே அது பரேஹா என்று தெரியத் தொடங்கும்.

எல்லாவற்றையும் அளந்துதான் வரைந்தேன். ஆனாலும் முகச்சாயல் வரவில்லை, யாரோ போல இருக்கிறது.

இந்தப் படத்தைப் பொறுத்தவரை பிழை பெரும்பாலும் மூன்று இடங்களில் இருக்கிறது. முதலாவது, தலைமுடியின் உயரம். கண்ணும் வாயும் நம் கவனத்தை ஈர்ப்பதால் அவற்றைப் பெரிதாக்கி, மேலே இடம் போதாமல் நெற்றியையும் முடியையும் நசுக்கிவிடுகிறோம். இரண்டாவது, நம்மிடமிருந்து விலகியிருக்கும் பக்கத்துக் கண். தலை முக்கால் பங்கு திரும்பியிருப்பதால் அந்தக் கண் குறுகியும், மூக்கின் பாலத்தால் ஓரளவு மறைக்கப்பட்டும் இருக்க வேண்டும். மனம் அதை மற்றக் கண்ணுக்கு இணையாக்கப் பார்க்கும். மூன்றாவது, கண்ணின் வெண்மை. அதில் வெள்ளை வண்ணத்தை வைத்தவுடன் அந்தப் பார்வையின் நிமிர்வு போய், திடுக்கிட்ட முகம் வந்துவிடும். மூலத்தில் அந்த இடத்தைச் சிறு துளை வழியாகப் பாருங்கள். அது மங்கலான சாம்பல்.

படத்தையும் நகலையும் தலைகீழாகத் திருப்பி வைத்துப் பார்ப்பதும், பின்னால் ஒரு கண்ணாடியை வைத்து அதன் வழியே இரண்டையும் சேர்த்துப் பார்ப்பதும் பழைய உத்திகள். வேறெந்தக் கருவியும் அவ்வளவு விரைவாகப் பிழையைக் காட்டுவதில்லை.

முதலில் கருப்பு வெள்ளையில் முழுப்படம் தீட்டி அதன்மேல் நிறம் ஏற்ற வேண்டும் என்கிறார்களே?

அப்படிச் செய்த ஓவியர்கள் உண்டு. வெலாஸ்கெஸின் இந்தப் படம் அந்த முறையில் கட்டப்பட்டதாகத் தோற்றம் தரவில்லை. ஆனால் தொனி (நிறத்தை விட்டுவிட்டுப் பார்த்தால் ஓரிடம் எவ்வளவு வெளிச்சம், எவ்வளவு இருட்டு என்பது) என்றால் என்ன என்று கண்ணுக்குப் பழக்குவதற்காக, தனியாக ஒரு சிறு பலகையில் கருப்பையும் வெள்ளையையும் மட்டும் கொண்டு முகத்தை ஐந்தே படிகளில் தீட்டிப் பார்ப்பது மிகவும் பயன் தரும். அதைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு உண்மையான நகலை நேரடியாக நிறத்தில் தொடங்குங்கள். கைபேசியில் மூலத்தையும் நகலையும் ஒரே சட்டத்தில் படமெடுத்து நிறத்தை நீக்கிப் பார்த்தால், எந்தப் படி தவறியது என்று உடனே தெரியும்.

ஸ்கின் கலருக்கு எந்த ட்யூப் வாங்க வேண்டும்?

அதிகமாகக் கேட்கப்படும் கேள்வி இதுதான். ஃபிளெஷ் டின்ட் என்ற பெயரில் விற்கும் இளஞ்சிவப்பு ட்யூப் ஒன்று உண்டு, அதை வாங்காதீர்கள். பரேஹாவின் முகத்தில் அந்த நிறம் ஓரிடத்திலும் இல்லை, உங்கள் முகத்திலும் இல்லை.

கத்தியால் மூன்று குவியல்கள் கலந்துகொள்ளுங்கள். ஒளி படும் பகுதிக்கு ஓக்கர், பர்ன்ட் சியன்னா, வெள்ளை, கடுகளவு வெர்மிலியன். நடுத்தொனிக்கு அதே கலவையில் வெள்ளையைக் குறைத்து, சிறிது கருப்பு. நிழலுக்கு அம்பரும் சியன்னாவும், மிக ஆழமான இடத்தில் மட்டும் கருப்பு. நிழலில் வெள்ளை வேண்டாம். இந்த மூன்றையும் மூலத்தின் அச்சுப்படத்தின் மேல் கத்திநுனியால் எடுத்து வைத்து ஒப்பிடுங்கள். பெரும்பாலோர் அப்போதுதான் தாங்கள் கலந்த ஒளிநிறம் எவ்வளவு வெளிறியது என்று உணர்கிறார்கள். பழுப்பு முகத்தின் ஒளிப்பகுதி, கழுத்துப்பட்டையின் வெள்ளையோடு ஒப்பிட்டால் மிகவும் கீழே இருக்கிறது. முகத்தை வெளிறடித்துவிட்டால் கழுத்துப்பட்டைக்கு வெள்ளையே மிஞ்சாது. ஆகையால் கழுத்துப்பட்டையின் மிக வெளிச்சமான ஓர் இடத்தை முதலிலேயே ஒரு தடத்தால் குறித்துவிட்டு, அதைவிடத் தாழ்ந்த நிலையில் முகத்தைக் கட்டுங்கள்.

இனி நுட்பம். ஐவரி பிளாக்கை வெள்ளையோடு கலந்தால் நீலச்சாயல் கொண்ட சாம்பல் வரும். வெதுவெதுப்பான பழுப்புகளுக்கு நடுவே வைக்கும்போது அது இன்னும் நீலமாகத் தெரியும். ஒளி நிழலாகத் திரும்பும் இடத்திலும் தாடி தொடங்கும் ஓரத்திலும் அந்தச் சாம்பலை நடுத்தொனியில் கலந்து வைத்தால், தோல் உயிர்பெறும். கன்னத்திலும் மூக்கிலும் காதிலும் சிவப்புச் சற்றுக் கூடும். நெற்றி மஞ்சள் பக்கம் சாயும். நெற்றியில் பளபளக்கும் ஒளிப்புள்ளியைத் தனி வெள்ளையால் வைக்காமல், ஒளிக் குவியலில் வெள்ளையும் இம்மி சாம்பலும் சேர்த்து, தடிப்பாக, ஒரே தடத்தில் வையுங்கள். பழுப்புத் தோலில் ஒளிக்கும் ஒளிப்புள்ளிக்கும் உள்ள இடைவெளி வெளிர் தோலைவிட அதிகம். அந்த முகம் ஈரத்தோடு மினுங்குவதாகத் தோன்றுவதன் காரணம் அதுதான்.

மேலே சொன்ன குவியல்களையே கலந்தேன். ஆனால் நிழலெல்லாம் சேறு மாதிரி ஆகிவிட்டது.

நிழலில் வெள்ளை புகுந்திருக்கும், அல்லது ஒரே இடத்தை மீண்டும் மீண்டும் தடவியிருப்பீர்கள். நிழலை மெல்லிய பூச்சாக, அடிப்பூச்சின் நிறம் ஊடே தெரியும்படி வைத்துவிட்டுக் கையை எடுத்துவிட வேண்டும். ஒளிப்பகுதிக்கும் நிழற்பகுதிக்கும் தனித்தனித் தூரிகைகளை வைத்துக்கொண்டால் பாதிச் சிக்கல் தீர்ந்துவிடும். ஏற்கெனவே சேறாகிவிட்டதா? கத்தியால் சுரண்டி எடுத்துவிட்டு மறுபடி வையுங்கள். அதன்மேல் திருத்த முயன்று வென்றவரை நான் பார்த்ததில்லை.

பின்னணி வெறும் சாம்பல்தானே, அதைக் கடைசியில் அடித்துவிடலாமா?

முகத்தோடு சேர்த்தே வையுங்கள். பின்னணி இல்லாமல் முகத்தின் தொனியைக் கணிக்க முடியாது என்பது ஒரு காரணம். பின்னணி காய்ந்துவிட்டால் முடியின் விளிம்பை அதோடு இழைய விட முடியாது என்பது இன்னொன்று. மேலும் அது வெறும் சாம்பலும் அன்று, இடத்துக்கு இடம் வெளிச்சம் மாறுகிறது. ஓக்கரும் கருப்பும் கலந்தால் ஆலிவ் பச்சை வரும். ஆடைக்கும் அதுவே அடிப்படை. பின்னணிக்கு அதில் வெள்ளையும் அம்பரும் சேர்த்தால் போதும். படம் முழுவதும் ஒரே குடும்பமாகத் தெரிவதற்கு இதுதான் காரணம்.

கழுத்துப்பட்டை லேஸை ஒவ்வொரு துளையாக வரைந்தேன், ஒட்டிவைத்த காகிதம் மாதிரி இருக்கிறது.

மூலத்தை மிகவும் பெரிதாக்கிப் பாருங்கள்: அங்கே லேஸ் இல்லை. சாம்பல் அடிப்பரப்பின் மேல் உடைந்த வெள்ளைத் தடங்கள் சில இருக்கின்றன, சில இடங்களில் அவையும் இல்லை. இரண்டு மூன்று அடி பின்னால் போனால் அவை லேஸாகின்றன. முதலில் கழுத்துப்பட்டை முழுவதையும் வெளிர் சாம்பலால், ஒளிப்பக்கம் நிழற்பக்கம் என்று இரு தொனிகளில் வையுங்கள். பிறகு தடித்த வெள்ளையைத் தூரிகை நுனியில் எடுத்து, ஒளி நேராகப் படும் ஓரத்தில் மட்டும் தொட்டுத் தொட்டு விடுங்கள். நிழற்பக்கத்தில் ஒன்றும் செய்யாதீர்கள்.

முகத்திலும் இதே அறிவுதான். எல்லா விளிம்புகளையும் ஒரே கூர்மையில் விட்டால் உருவம் கத்தரித்து ஒட்டியதாகிவிடும். கழுத்துப்பட்டை நிழலாடையைச் சந்திக்கும் இடம் மிகக் கூர்மை; கன்னத்தின் ஒளி நிழலாகும் இடம் மென்மை; முடி பின்னணியில் கரையும் இடத்தில் சிற்சில பகுதிகளில் விளிம்பே இல்லை. நகலில் ஒரு முறை இதற்காகவே உட்கார்ந்து, விளிம்புகளை மட்டும் சுற்றிப் பார்த்துத் திருத்துங்கள். அதற்கு வண்ணம் ஈரமாக இருக்க வேண்டும் என்பதை அக்ரிலிக் பற்றிய விடையில் சொன்னேன்.

ஒரு நாளில் முடியவில்லை. காய்ந்தபின் மேலே தீட்டினால் வெடிக்குமா? கருப்பான இடங்களெல்லாம் மங்கிப்போனது ஏன்?

அடிப்பூச்சில் எண்ணெய் குறைவாகவும், மேல்பூச்சுகளில் படிப்படியாக அதிகமாகவும் இருந்தால் வெடிப்பு வராது. எண்ணெய் மிகுந்த அடிப்பூச்சு மெல்லக் காயும். அதன்மேல் விரைவில் காயும் மெலிந்த பூச்சை வைத்தால் கீழ்ப்பூச்சு அசையும்போது மேல்பூச்சு பிளந்துவிடும். அம்பர் விரைவில் காயும், ஐவரி பிளாக் தாமதமாகக் காயும். எனவே அடியில் கருப்பைத் தடிப்பாக வைக்காதீர்கள்.

மங்கிப்போவது வேறு சிக்கல். மேல்பூச்சின் எண்ணெயை அடிப்பரப்பு உறிஞ்சிக்கொள்வதால் ஆழமான நிறங்கள் சாம்பல் பூத்ததுபோல் தெரிகின்றன. நன்றாகக் காய்ந்தபின் அந்த இடத்தில் மிகச் சிறிதளவு ஆளிவிதை எண்ணெயைத் தடவி, துணியால் ஒற்றி எடுத்துவிட்டுத் தொடருங்கள். உண்மை நிறம் திரும்பத் தெரியும். இதைச் செய்யாமல் மங்கிய கருப்போடு ஒப்பிட்டு வண்ணம் கலந்தால் எல்லாம் தவறும். இறுதி வார்னிஷுக்கு ஆறு மாதமாவது பொறுங்கள்.

சிறிய ஃபிளாட்டில் குழந்தைகளோடு இருக்கிறோம். டர்பன்டைன் வாடை பயமாக இருக்கிறது.

அடிப்பூச்சைத் தவிர வேறெதற்கும் அது கட்டாயமில்லை. அமர்வின்போது தூரிகையைத் துணியில் துடைத்து எண்ணெயில் அலசலாம். முடிந்தபின் சோப்புப் போட்டுக் கழுவலாம். அடிப்பூச்சை மட்டும் பால்கனியில் வைத்துச் செய்யுங்கள், அல்லது கேன்வாஸுக்கு அக்ரிலிக் சாம்பலால் அடிப்பூச்சுப் பூசிக்கொள்ளுங்கள். அக்ரிலிக் மேல் எண்ணெய் பூசலாம், எண்ணெய் மேல் அக்ரிலிக் பூசக் கூடாது.

வாடையைவிட எண்ணெய்த் துணிகளைப் பற்றித்தான் அதிகம் எச்சரிக்கையாக இருக்க வேண்டும். ஆளிவிதை எண்ணெய் காயும்போது வெப்பத்தை வெளிவிடும். கசக்கிக் குவித்து வைத்த துணி தானாகவே தீப்பற்றக்கூடும். துணிகளை விரித்துக் காயவிடுங்கள், அல்லது தண்ணீரில் நனைத்து மூடியுள்ள டப்பாவில் போட்டு அப்புறப்படுத்துங்கள்.

பரேஹா வெலாஸ்கெஸின் அடிமை என்று படித்தேன். அதைத் தெரிந்தபின் இந்தப் படத்தை வெறும் பயிற்சிப் பொருளாகப் பார்க்க மனம் ஒப்பவில்லை.

ஒப்பாமல் இருப்பது நல்லதே. பரேஹா வெலாஸ்கெஸின் பட்டறையில் உழைத்தவர். இந்தப் படம் தீட்டப்பட்டபோது அவர் சட்டப்படி அடிமை. 1650 நவம்பர் 23 அன்று ரோமில் வெலாஸ்கெஸ் கையெழுத்திட்ட விடுதலைப் பத்திரமும், நான்கு ஆண்டுகளுக்குப் பின்பே நடைமுறைக்கு வரும் என்ற நிபந்தனையோடுதான் எழுதப்பட்டது. பிறகு பரேஹா மாத்ரித்தில் தன் பெயரில் ஓவியராக வாழ்ந்தார். 1661-இல் அவர் தீட்டிய புனித மத்தேயு அழைக்கப்படும் காட்சி இன்று பிராடோவில் இருக்கிறது. அதன் இடது ஓரத்தில் அவர் தம்மையே நிறுத்தி, கையில் தம் கையொப்பம் உள்ள தாளையும் வைத்திருக்கிறார். நியூயார்க் அருங்காட்சியகம் 2023-இல் அவரை மையமாக வைத்து ஒரு கண்காட்சி நடத்தியது.

இதையெல்லாம் அறிந்தபின் இரண்டு முகங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். எசமானர் கண்ட பரேஹாவும் பரேஹா கண்ட பரேஹாவும் ஒன்றல்லர். பின்னதில் அவர் தம் தோலை வெளிறவைத்து, மூக்கையும் கூர்மையாக்கியிருக்கிறார். ஓர் உருவப்படத்தில் முடிவு யாருடையது என்ற கேள்விக்கு இதைவிட வலுவான எடுத்துக்காட்டு எனக்குத் தெரியவில்லை.

எப்போது முடிந்தது என்று எப்படித் தெரியும்? நான் போய்க்கொண்டே இருக்கிறேன்.

நகலெடுப்பதில் உள்ள வசதி, முடிந்த நிலை கண்முன் இருப்பது. ஆறடி தூரத்தில் இரண்டையும் வைத்துப் பார்க்கும்போது உங்கள் கண்ணுக்குப் படும் பெரிய வேறுபாட்டை மட்டும் திருத்துங்கள், பிறகு அடுத்ததை. வேறுபாடு ஆறடியில் தெரியாமல், அருகில் போனால்தான் தெரிகிறது என்ற நிலை வந்ததும் நிறுத்திவிடுங்கள். தடத்துக்குத் தடம் ஒத்துப்போகச் செய்யும் முயற்சியில் உழைப்பு உண்டு, கல்வி இல்லை.

இந்த நகலை விற்கலாமா? அடியில் என் கையெழுத்தைப் போடலாமா?

வெலாஸ்கெஸ் 1660-இல் இறந்தவர். பதிப்புரிமைத் தடை எதுவும் இல்லை. விற்பதானால் பின்புறத்தில் ‘வெலாஸ்கெஸைப் பார்த்து’ என்று எழுதி, உங்கள் பெயரையும் ஆண்டையும் குறித்துவிடுங்கள். மூலத்தின் அளவிலிருந்து மாறுபட்டிருப்பது நல்லது. அருங்காட்சியகங்களில் நகலெடுப்பவர்களுக்கும் இந்த விதி உண்டு.

இதே சலுகையை எல்லோருக்கும் நீட்டிவிடக் கூடாது. இந்தியச் சட்டப்படி ஓவியரின் வாழ்நாளுக்குப் பின் 60 ஆண்டுகள் வரை உரிமை நீடிக்கிறது. 1906-இல் மறைந்த ரவிவர்மாவை நகலெடுத்து விற்கலாம். 2021-இல் மறைந்த நம் ஓவியர் இளையராஜா தீட்டிய பெண்களின் படங்களை நகலெடுத்து விற்க முடியாது. வீட்டில் பழகுவதற்கு அவருடைய படங்கள் மிக நல்லவை, அதிலும் சன்னல் ஒளி மாநிறத் தோலில் எப்படி விழுகிறது என்று கற்க.

நகல் நன்றாகவே வந்துவிட்டது. ஆனால் என் அப்பாவை உட்காரவைத்து வரைந்தால் ஒன்றும் வரவில்லை. அப்படியானால் இவ்வளவும் வீணா?

வீணில்லை; ஆனால் நகலுக்கும் நேர் மனிதருக்கும் நடுவே ஒரு படி விடுபட்டிருக்கிறது. முதல் விடையில் சொன்ன இரண்டு வேலைகளில் ஒன்றை இதுவரை வேறொருவர் செய்து தந்தார், இப்போது அது உங்களுடையது. ஆகவே மற்ற எல்லாவற்றையும் மாறாமல் வைத்துக்கொள்ளுங்கள். அதே ஆறு வண்ணங்கள், அதே அடிப்பூச்சு, அதே அளவுக் கேன்வாஸ். அப்பாவைச் சன்னலுக்குப் பக்கவாட்டில், முக்கால் பங்கு திரும்பிய நிலையில் உட்காரவைத்து, பின்னால் சாம்பல் நிறப் போர்வை ஒன்றைத் தொங்கவிடுங்கள். அறையின் மின்விளக்கை அணைத்துவிடுங்கள். இரண்டு பக்கமும் ஒளி வந்தால் நிழல் வடிவமே கிடைக்காது. வெள்ளைச் சட்டை அணிந்திருந்தால் இன்னும் நல்லது, கழுத்துப்பட்டையைப் போல அது தொனிக்கு அளவுகோலாக உதவும்.

தொடங்குவதற்கு முந்தைய நாள், பரேஹாவின் தலையை மூலத்தைப் பார்க்காமல் நினைவிலிருந்து ஒரு மணி நேரத்தில் தீட்டிப் பாருங்கள். எந்த முடிவுகள் உங்களிடம் தங்கின, எவை தங்கவில்லை என்பது அதில் தெரிந்துவிடும். நேர் அமர்வில் முதல் நாள் நிழல் வடிவத்தோடும் மூன்று குவியல்களோடும் நிறுத்திக்கொள்ளுங்கள். கண்ணின் நுணுக்கத்துக்குப் போகாதீர்கள். வயதானவர்களால் இருபது நிமிடங்களுக்கு மேல் அசையாமல் இருக்க முடியாது. அடிக்கடி ஓய்வு கொடுங்கள். எழுந்திருக்கும் முன் நாற்காலிக் கால்களையும் அவருடைய பாதங்களையும் தரையில் சாக்பீஸால் குறித்துக்கொள்ளுங்கள்.